'சீ', 'லுக்', 'வாட்ச்': பிள்ளைக்கு எந்த வழியில் சொல்லிக்கொடுப்பது?

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் வாரத்தில் மூன்று சாயங்காலம் எட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டு 1 முதல் ஆண்டு 4 வரை, எல்லாருமே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். கூப்பிட வரும் அம்மாக்கள் செருப்பு போட்டுக்கொண்டே வாசலில் நின்று கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "டீச்சர், இவனுக்கு வார்த்தையெல்லாம் தெரியுது, எந்த இடத்துல எதைப் போடணும்னுதான் தெரியல. 'சீ'யும் 'லுக்'கும் ஒண்ணுதானேங்கிறான். வீட்டுல எதை வச்சுச் சொல்லிக்கொடுக்கிறது?" பயிற்சிப் புத்தகம் வாங்கலாமா, யூடியூப்பில் ஆங்கிலக் கார்ட்டூன் போட்டுவிடலாமா, நடித்துக் காட்டச் சொல்கிறார்களே அது சரிவருமா, மலாயில் பொருள் சொல்லலாமா, தமிழில் சொன்னால் பிள்ளை குழம்பிவிடுமா.

இந்த ஐந்தையும் நான் செய்து பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா வினைச்சொல்லுக்கும் ஒரே வழி ஒத்துவராது. கையும் காலும் செய்கிற வேலை என்றால் செய்துதான் காட்ட வேண்டும். கண், காது, கொடுக்கல் வாங்கல், போக்குவரத்து இவை சம்பந்தப்பட்டது என்றால் தமிழைப்போல் சீக்கிரம் புரியவைப்பது வேறில்லை. 'சே', 'டெல்', 'டூ', 'மேக்' என்கிற கூட்டத்துக்கு இரண்டுமே உதவாது, அதற்கு வேறு வழி. பயிற்சிப் புத்தகம் கடைசியில், தெரிந்ததைச் சரிபார்க்க மட்டும்.

புத்தகத்தைப் பற்றிச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஏன் எல்லாரும் முதலில் அதைத்தான் வாங்குகிறோம் என்றால், நாம் படித்தபோது ஆண்டு 6 முடிவில் யூபிஎஸ்ஆர் என்கிற அரசுத் தேர்வு இருந்தது, கோடிட்ட இடத்தை நிரப்பித்தான் நாம் ஆங்கிலம் படித்தோம். அந்தத் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஆண்டு 1 ஆங்கிலப் பாடமும் 2017 முதல் சிஇஎஃப்ஆர் என்கிற ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலுக்கு ஏற்ப மாறி, கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது நான்கையும் சேர்த்தே வகுப்பறையில் மதிப்பிடுகிறார்கள். ஒரு பையன் 'லுக்', 'சீ', 'வாட்ச்' மூன்றையும் நான்கு விடைகளுக்குள் சரியாக வட்டமிட்டு முழு மதிப்பெண் வாங்கிவிட்டு, பத்து நிமிடம் கழித்து "டீச்சர், ஐ ஆம் சீயிங் டீவி" என்றான். அந்தப் புத்தகம் அவனுக்கு வட்டமிடச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். படிப்பித்து இரண்டு வாரம் ஆன பிறகு மனத்தில் நின்றிருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் கொடுங்கள், அதற்குப் பயிற்சிப் புத்தகம் நல்லது.

கார்ட்டூன் காதுக்கு நல்லது. உச்சரிப்பும் ஓசையும் அதில் வரும், பிள்ளையும் விரும்பி உட்காரும். ஆனால் படமே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால் அந்த இடத்தில் எந்தச் சொல் வந்தது என்று பிள்ளை கவனிக்க வேண்டிய அவசியமே இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து ஓரிடத்தில் நிறுத்தி, "இப்ப என்ன சொன்னாங்க, 'லுக்'கா 'வாட்ச்'சா?" என்று கேட்க முடிந்தால் போடுங்கள். சமைக்கிற நேரத்தில் பிள்ளை தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று போடுவதாக இருந்தால், அதை வினைச்சொல் பாடமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, நடித்துக் காட்டும் வழிக்கு வருவோம். இதற்கு ஆங்கிலத்தில் 'டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ்' என்று பெயர். ஜேம்ஸ் ஆஷர் என்கிற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1960-களில் ஜப்பானிய மொழியையும் ரஷ்ய மொழியையும் வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். ஆசிரியர் கட்டளை சொல்வார், மாணவர் வாய் திறக்க வேண்டாம், கேட்டதை உடம்பால் செய்தால் போதும், பேச்சு பிறகு தானாக வரும் என்பது அவருடைய எண்ணம். கைக்குழந்தை "வா", "உட்காரு", "அதைத் தொடாதே" என்பதையெல்லாம் பேசத் தொடங்கும் முன்பே புரிந்து செய்கிறது இல்லையா, அதே கதைதான்.

நான் இதைத் தேங்காயில் தொடங்குவேன். பினாங்குப் பிள்ளைக்குத் தேங்காய் உடைப்பதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் கோவில் வீட்டிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில், டத்தோ கிராமாட் சாலையில் மலை மாதிரி குவித்து வைத்துச் சிதறுகாய் போடுவதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் இவர்கள். ஓடு தெறித்து, தண்ணீர் தெறித்து, சாலை முழுக்க வெள்ளையாகக் கிடக்கும், அது 'ஸ்மாஷ்'. அதே பிள்ளையின் பாட்டி வீட்டில் அரிவாளின் பின்பக்கத்தால் தேங்காயைச் சுற்றிச் சுற்றித் தட்டுவார்கள், முதலில் ஒரு கோடு மாதிரி விரிசல் ஓடும், அதுதான் 'கிராக்'. அந்த விரிசலைப் பிடித்து இரண்டு மூடியாகப் பிரிப்பதும், சாலையில் அடித்து நொறுக்குவதும், இரண்டுமே 'பிரேக்'தான், ஏனென்றால் அது எல்லாவற்றுக்கும் பொதுவான சொல், தமிழில் 'உடை' மாதிரி. இதை வாயால் விளக்கிக்கொண்டிருந்தால் பிள்ளை கொட்டாவி விடும். ஒரு கிண்ணமும் ஒரு முட்டையும் கொடுங்கள். "கிராக் தி எக்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். போன மாதம் ஆண்டு 2 பையன் ஒருவன் கிண்ணத்தின் விளிம்பில் மெதுவாகத் தட்டினான், ஒன்றும் ஆகவில்லை, இன்னொரு தட்டு, சின்னதாக ஒரு கோடு வந்தது, நிமிர்ந்து என்னைப் பார்த்து "கிராக்!" என்றான். அந்தச் சந்தோஷத்தில் கை நழுவி முட்டை தரையில் விழ, பக்கத்திலிருந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஸ்மாஷ்!" என்று கத்தினார்கள். அன்றைக்குத் தரையைத் துடைக்கத்தான் நேரம் சரியாக இருந்தது, ஆனால் அந்த எட்டுப் பேரில் ஒருவரும் அந்த இரண்டு சொல்லையும் அதன் பிறகு மாற்றிச் சொன்னதில்லை.

'லிஃப்ட்', 'கேரி', 'ஹோல்டு' மூன்றும் அப்படித்தான். காவடியைத் தரையிலிருந்து தூக்கித் தோளில் வைக்கிற அந்த ஒரு நொடி 'லிஃப்ட்'. அதைச் சுமந்துகொண்டு நடப்பது 'கேரி', அதில் போகிற தூரமும் சேர்ந்தே இருக்கிறது. தண்ணீர்மலைக் கோவிலின் 500-க்கும் மேற்பட்ட படி ஏறும்போது பால்குடம் ஆடாமல் பிடித்திருப்பது 'ஹோல்டு'. வீட்டில் காவடி வேண்டாம், பள்ளிப் பை போதும்: "லிஃப்ட் தி பேக்", "கேரி தி பேக் டு தி டோர்", "ஹோல்டு தி பேக்". வெட்டுகிற சொற்களுக்கு வெள்ளரிக்காயும் மழுங்கிய கத்தியும் போதும், வட்ட வட்டமாக அரிவது 'ஸ்லைஸ்', துண்டு துண்டாக நறுக்குவது 'சாப்', தோல் சீவுவது 'பீல்'. மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுகிறவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் பிள்ளையை நிறுத்தி வையுங்கள், மாவைப் பிசைவது, இழுப்பது, வீசுவது, கல்லில் திருப்பிப் போடுவது என்று 'நீட்', 'ஸ்ட்ரெச்', 'டாஸ்', 'ஃபிளிப்' நான்கும் அங்கேயே கிடைக்கும்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. எல்லாமே கட்டளையாக வருவதால் பிள்ளைக்கு "கேரி" வரும், "கேரிட்" வராது. அதனால் செய்து முடித்த கையோடு "வாட் டிட் யூ டூ?" என்று கேட்டு, நடந்ததைச் சொல்லவைக்க வேண்டும். அப்புறம் பெரிய குறை, கண்ணுக்குத் தெரியாததை இந்த வழியில் காட்ட முடியாது. 'ஹியர்' என்பதை எப்படி நடித்துக் காட்டுவீர்கள்? காதில் கை வைத்தால் அது 'லிசன்' ஆகிவிடும்.

இங்கேதான் மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது, எந்த மொழியில் என்பதுதான் கேள்வி. பல வீடுகளில் மலாயில் சொல்கிறார்கள், பிள்ளைக்கு மலாய் நன்றாக வரும் என்பதால். மலாயை நான் ஒதுக்கவில்லை. 'சீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றுக்கும் மலாய் அழகாக மூன்று சொல் வைத்திருக்கிறது: கண்ணில் படுவது 'நம்பாக்', திரும்பிப் பார்ப்பது 'தெங்கோக்', உட்கார்ந்து நிகழ்ச்சி பார்ப்பது 'தொந்தொன்'. பேச்சில் டீவிக்கும் 'தெங்கோக்' என்றுதான் சொல்வோம் என்றாலும், புத்தகத்தில் பிள்ளை 'தொந்தொன்' படித்திருக்கும். இந்த மூன்றுக்கு மலாயைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஆனால் வேறு சில இடங்களில் மலாய் வழியாக யோசிப்பதுதான் தப்புக்கே காரணம். "மை ஃபாதர் செண்ட் மீ டு ஸ்கூல்" என்று எழுதாத பிள்ளை இந்த ஊரில் உண்டா? அது 'ஹந்தார்' செய்கிற வேலை, பார்சலை அனுப்புவதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் மலாயில் ஒரே சொல். "ஐ ஃபாலோ மை மதர் கோ மார்க்கெட்" என்பது 'ஈக்குட்', பின்னால் போவதற்கும் கூடப் போவதற்கும் அதே சொல். "கீப் யுவர் புக்ஸ்" என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொல்வது 'சிம்பான்', வைத்துக்கொள்வதும் அதுதான். "ஓப்பன் தி லைட்" என்பது 'பூக்கா', கதவைத் திறப்பதும் விளக்கைப் போடுவதும் ஒன்றே. "ஐ வில் பிரிங் மை கிராண்ட்மதர் டு தி ஹாஸ்பிட்டல்" என்பது 'பாவா', கொண்டு வருவதற்கும் கொண்டு போவதற்கும் சேர்த்து. இந்தப் பேச்சு கேவலம் என்று பிள்ளையை அடக்கிவிடாதீர்கள், கடையிலும் பஸ்ஸிலும் நாம் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறோம், எல்லாருக்கும் புரிகிறது. எழுத்திலும் வெளியூர்க்காரரிடம் பேசும்போதும் வேறு சொல் வேண்டும் என்பதுதான் விஷயம்.

இப்போது அதே ஐந்தையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பினார் என்றால் அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறார், கொண்டுபோய் விட்டார் என்றால் கூடவே வந்திருக்கிறார். 'செண்ட்' ஒன்று, 'டேக்' இன்னொன்று. அம்மாவின் பின்னாலேயே போனேன் என்றால் 'ஃபாலோ', அம்மாவோடு போனேன் என்றால் 'வென்ட் வித்'. புத்தகத்தை வைத்துக்கொள் என்றால் அது இனி உனக்குத்தான், அதுதான் 'கீப்'. புத்தகத்தை எடுத்து வை என்றால் 'புட் அவே'. விளக்கைத் திற என்று தமிழில் யாராவது சொல்வார்களா? 'பிரிங்', 'டேக்' இரண்டுக்கும் கொண்டு வா, கொண்டு போ. ஆள் என்றால் கூட்டிக்கொண்டு வா, கூட்டிக்கொண்டு போ. பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம், அப்படியென்றால் 'டுக்'. இன்னும் நுணுக்கமாக ஒன்று: "நாளைக்கு உங்க வீட்டுக்குக் கொண்டு வர்றேன்" என்று போனில் சொல்கிறோம், நான் அங்கே போகப்போகிறேன் என்றாலும் கேட்கிறவர் இருக்கிற இடத்தை நினைத்து 'வா' போடுகிறோம். ஆங்கிலமும் அச்சு அசலாக அப்படியே செய்கிறது, "ஐ வில் பிரிங் இட் டு யுவர் ஹவுஸ்". இந்தப் பிள்ளைகளுக்கு விதி ஏற்கெனவே தெரியும். அது இன்னொரு மொழியிலும் செல்லும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'ஹியர்', 'லிசன்' கதையைக் கேளுங்கள். தமிழில் இரண்டுக்கும் 'கேள்'தான், அதனால் குழப்பம்தான் வரும் என்று நானே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை ஏழரை மணி இருக்கும், பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஓசை வந்துகொண்டிருந்தது, மேல்மாடியில் யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்டு 3 பெண் ஒருத்தியிடம், "நான் சொல்றதைக் கேக்கிறியா?" என்றேன். "கேக்கிறேன் டீச்சர், ஆனா எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது" என்றாள். நான் அப்படியே நிறுத்திவிட்டேன். நான் கேட்கிறேன், எனக்குக் கேட்கிறது. 'நான்' வந்தால் காதைக் கொடுத்து நானே செய்கிற வேலை, அது 'லிசன்'. 'எனக்கு' வந்தால் நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தம் தானாக வந்து விழுகிறது, அது 'ஹியர்'. பலகையில் இரண்டையும் எழுதிக் கீழே கோடு போட்டேன். கண்ணுக்கும் இதே கணக்குதான்: நான் பார்க்கிறேன் 'லுக்', எனக்குத் தெரிகிறது 'சீ'. கொடிமலை உச்சியில் நின்று கடலைப் பார்க்கிறேன், பனி மூட்டத்தில் எனக்குப் பாலம் தெரியவில்லை. "ஐ ஆம் லுக்கிங், பட் ஐ கான்ட் சீ தி பிரிட்ஜ்." 'வாட்ச்' என்பது பார்த்துக்கொண்டே இருப்பது, அசைகிற ஒன்றை, மாறுகிற ஒன்றை, ரயில் மலையேறி வருவதை.

அதே பெண் அடுத்த வாரம், "டீச்சர், 'லிசன்'னுக்கு 'டு' வேணும், 'லுக்'குக்கு 'அட்' வேணும், 'சீ'க்கும் 'ஹியர்'க்கும் ஏன் வேணாம்?" என்று கேட்டாள். ஒன்றை நோக்கிக் காதையோ கண்ணையோ திருப்பினால் எதை நோக்கி என்று காட்ட ஒரு சின்னச் சொல் தேவைப்படுகிறது, தானாக வந்து விழுவதற்குத் தேவையில்லை என்று வைத்துக்கொள் என்றேன். ஆண்டு 3-க்கு அந்த அளவு போதும். 'சீ எ டாக்டர்', 'சீ எ மூவி' போன்றவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதே விதிவிலக்கைக் கொட்டினால் விதியும் போய்விடும்.

'புட் ஆன்', 'வேர்' இரண்டுக்கும் தமிழ் உதவும். சப்பாத்து போடுகிறான், அது செயல், 'புட் ஆன்'. சப்பாத்து போட்டிருக்கிறான், அது நிலை, 'இஸ் வேரிங்'. 'பாரோ', 'லெண்ட்' என்றால் இரவல் வாங்கு, இரவல் கொடு. மலாயிலும் எழுத்து நடையில் இரவல் கொடுப்பதை 'பிஞ்சாம்கான்' என்று பிரித்துச் சொல்ல வழியிருக்கிறது, ஆனால் பிள்ளைகள் பேச்சில் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் வெறும் 'பிஞ்சாம்'தான், அதனால்தான் "கேன் யூ பாரோ மீ யுவர் ரப்பர்" என்று வருகிறது.

தமிழும் காலை வாரும் இடம் உண்டு. முக்கியமாக 'போடு'. லைட் போடு, டீ போடு, கோலம் போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல், 'ஸ்விட்ச் ஆன்', 'மேக்', 'டிரா', 'சைன்', 'ஃபைட்'. 'போடு' வந்தால் மட்டும் தமிழை விட்டுவிட்டு நேராகச் செய்து காட்டுங்கள்.

"தமிழ்ல சொன்னா இங்கிலீஷ் கெட்டுப்போயிடாதா" என்று ஓர் அப்பா நிஜமான கவலையோடு கேட்டார். இந்தத் தீவில் தமிழ் வகுப்பு 1816-இல் தொடங்கியதே ஓர் ஆங்கிலப் பள்ளிக்குள்தான், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். இருநூறு வருஷமாக இரண்டும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. பிள்ளை தமிழில் நன்றாகப் பேசுகிற வீடாக இருந்தால் ஆங்கிலத்துக்கான பாதி வேலை முடிந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன், அதை முழு மனதோடுதான் சொன்னேன். வீட்டில் தமிழ் அவ்வளவாகப் புழங்காத பிள்ளைக்கு இந்த வழி பலிக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நடிப்பும் மலாயும்தான்.

மிச்சம் இருப்பது 'சே', 'டெல்', 'டூ', 'மேக்'. தமிழில் 'சொல்', 'செய்' என்று முடிந்துவிடும், நடித்தாலும் வித்தியாசம் தெரியாது. 'டெல்' வந்தால் பெரும்பாலும் யாரிடம் என்று ஆள் உடனே வர வேண்டும், 'டெல் மீ', 'டெல் யுவர் மதர்'. 'சே' வந்தால் சொன்ன சொல் வர வேண்டும், 'சே தேங்க் யூ'. கதையும் பொய்யும் உண்மையும் 'டெல்'லோடு போகும். இதற்குமேல் விளக்கம் தேடாமல் சேர்த்தே மனப்பாடம் செய்யவைத்துவிடுங்கள். 'டூ மை ஹோம்வொர்க்', 'மேக் எ மிஸ்டேக்', 'மேக் தி பெட்', 'டூ தி டிஷஸ்' என்று இரண்டு மூன்று சொல்லை ஒரே சொல்லாக, வாய்ப்பாடு மாதிரி. ஒரு சின்ன நோட்டு, ஒரு நாளைக்கு இரண்டு வரி, சாப்பிடும்போது ஒரு தடவை சொல்லவைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று, எந்த வழியை எடுத்தாலும் இது பொருந்தும். நடித்துக் காட்டுகிற சொற்களை ஒரே நாளில் சேர்த்துக் கொடுக்கலாம், கையே வித்தியாசத்தைக் காட்டிவிடும். ஆனால் 'பாரோ', 'லெண்ட்' மாதிரி ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் சொற்களை ஒரே நாளில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எது எது என்று பிள்ளைக்கு மாறிப்போய், பிறகு மாதக்கணக்கில் பிடித்துத் திருத்த வேண்டியிருக்கும், எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. முதலில் 'பாரோ' மட்டும். இரண்டு வாரம் ரப்பர், பென்சில், அடிக்கோல் எல்லாம் "மே ஐ பாரோ" என்று கேட்டால்தான் கிடைக்கும் என்று வைத்துவிடுங்கள். அது வாயில் ஊறிய பிறகு ஒரு நாள் நீங்களே பிள்ளையிடம் போய், "வில் யூ லெண்ட் மீ யுவர் பென்சில்?" என்று கேளுங்கள்.